ஐமேக்ஸுக்காகக் கோலாலம்பூர் வரை போகலாமா? கலும்பாங்கிலிருந்து ஒரு கணக்கு

சிலாங்கூரின் வடக்கே கலும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங் காலி என்று பழைய சாலையோரம் இருக்கும் தோட்டப் பட்டணங்களில் தியேட்டருக்குப் போவதே ஒரு பயணம். கலும்பாங்கிலிருந்து ரவாங் பக்கத்து மாலுக்கு 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அவ்வளவு தூரம் கிளம்பிய பிறகு, இன்னும் 30 கிலோமீட்டர் போனால் ஐமேக்ஸ் என்னும் பெரிய திரை ஹால் இருக்கிறதே, அதிலேயே பார்த்துவிடலாமே என்று வீட்டில் ஒருவர் சொல்வார். டிக்கெட் ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிறதே என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் படத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐமேக்ஸ் திரைக்கென்றே உயரமாக எடுக்கப்பட்ட படம், லேசர் புரொஜெக்டர், நடு இருக்கை, இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் போகலாம்; கொடுத்த காசு வீணாகாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரவாங்கிலேயே சரியான வரிசையைப் பிடித்து உட்காருவது மேல். ஆண்டு முழுவதும் வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையில்தான் சேரும்.

திரையின் வடிவம்

ஐமேக்ஸ் என்றதும் எல்லாரும் அளவைத்தான் நினைக்கிறார்கள். காசுக்குப் பலன் தருவது வடிவம். சாதாரண ஹாலில் ஓடும் பெரிய படங்களில் பெரும்பாலானவை 2.39 விகிதத்தில் இருக்கும்: உயரம் 1 மீட்டர் என்றால் அகலம் 2.39 மீட்டர். டிஜிட்டல் ஐமேக்ஸ் திரை 1.90 விகிதம். அகலம் அதே, உயரம் கூடுதல். ஐமேக்ஸுக்கென எடுத்த காட்சிகளில் அந்தக் கூடுதல் உயரத்திலும் படம் இருக்கும். அதே அகலத்துக்குச் சுமார் 26 விழுக்காடு கூடுதல் படம் கண்ணுக்குக் கிடைக்கிறது. மேலே வானம், கீழே தரை, ஓர் ஆள் நின்றால் தலை முதல் கால் வரை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2.39-இல் எடுத்த படத்தை அதே ஐமேக்ஸ் திரையில் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். 20 மீட்டர் அகலமுள்ள ஐமேக்ஸ் திரையின் உயரம் சுமார் 10.5 மீட்டர். 2.39 படம் அதில் 8.4 மீட்டர்தான் நிரப்பும். மேலே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், கீழே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், படம் முடியும்வரை இருட்டாகவே கிடக்கும். நீங்கள் காசு கொடுத்த திரையில் ஐந்தில் ஒரு பங்கு வேலை செய்யாது. சாதாரண ஹாலில் திரையே பெரும்பாலும் 2.39 வடிவத்தில் இருப்பதால் அதே படம் ஓரத்துக்கு ஓரம் நிரம்பி நிற்கும்.

தமிழில் ஐமேக்ஸ் வெளியீடு 2022 செப்டம்பரில், ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தோடு தொடங்கியது. அதன் பிறகு பெரிய நடிகர்களின் படங்கள் சில ஐமேக்ஸிலும் வருகின்றன. ஆனால் ‘ஐமேக்ஸில் வெளியீடு’ என்பது வேறு, ‘ஐமேக்ஸுக்கென எடுத்தது’ என்பது வேறு. முதலாவதில் முடிந்த படத்தை வாங்கி, படத்தில் மணல் போல் தெரியும் புள்ளிகளைக் குறைத்து, பெரிய திரைக்கு ஏற்றபடி வெளிச்சத்தையும் ஒலியையும் சீர்செய்து தருகிறார்கள். படத்தின் உயரம் கூடுவதில்லை. இரண்டாவதில் படப்பிடிப்பின்போதே கூடுதல் உயரத்துக்கு ஃபிரேம் வைக்கிறார்கள். ஐமேக்ஸ் நிறுவனம் தான் ஏற்றுக்கொண்ட டிஜிட்டல் கேமராக்களில் இப்படி எடுக்கும் படங்களுக்கு 2020 முதல் ‘ஃபில்ம்ட் ஃபார் ஐமேக்ஸ்’ என்று தனி முத்திரை தருகிறது. போஸ்டரில் வெறும் ‘ஐமேக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முத்திரை இருந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டும்: எத்தனை நிமிடம்? சில படங்களில் சண்டைக் காட்சிகள் 20 நிமிடம் மட்டும் விரியும், மற்ற நேரம் பட்டைதான். சில படங்கள் முழுக்க விரிந்தே ஓடும். வெளியீட்டுக்கு முன் வரும் அறிவிப்புகளில் இந்த நிமிடக் கணக்கைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

70 எம்எம் ஐமேக்ஸ் ஃபிலிம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது 1.43 விகிதம், கிட்டத்தட்ட சதுரம் மாதிரி உயரமானது. 1970-இல் ஜப்பானின் ஒசாகா கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட முறை அதுதான். 2023-இல் ‘ஓப்பன்ஹைமர்’ அந்த ஃபிலிமில் உலகம் முழுக்க 30 அரங்குகளில் மட்டுமே ஓடியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் நமக்குக் கிடைப்பது டிஜிட்டல். வெளிநாட்டு விமர்சனத்தில் எழுதியிருக்கும் அந்த உயரத்தை இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரும்.

சாண் கணக்கு

திரை எத்தனை மீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாது. கண் பார்ப்பது கோணத்தை. 10 மீட்டர் திரையை 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதும், 20 மீட்டர் திரையை 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதும் கோணத்தில் ஒன்றே, இரண்டும் 53 டிகிரி. ஐமேக்ஸின் கடைசி வரிசையில் உட்காருபவரைவிட ரவாங் ஹாலின் ஆறாவது வரிசையில் உட்காருபவருக்குப் படம் பெரிதாகத் தெரியலாம்.

இதை அளக்கக் கருவி வேண்டாம். இருக்கையில் உட்கார்ந்து, கையை நேராக நீட்டி, விரல்களை முழுக்க விரியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண், கண்ணுக்குச் சுமார் 20 டிகிரி. விளம்பரம் ஓடும்போது திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை சாண் என்று எண்ணுங்கள். ஒன்றரைச் சாணுக்குக் கீழே என்றால் மிகவும் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டுத் தொலைக்காட்சிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு சாண் நல்ல இடம். இரண்டரை முதல் மூன்று சாண் வரை வந்தால் படம் உங்களைச் சூழ்ந்துகொள்ளும். ஐமேக்ஸின் நல்ல இருக்கைகள் தருவது இந்த மூன்று சாணைத்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. மால் ஹாலில் திரை 12 மீட்டர் அகலம், முதல் வரிசை திரையிலிருந்து 4 மீட்டர், வரிசைக்கு வரிசை சுமார் 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது வரிசையில் உட்கார்ந்தால் திரையிலிருந்து கிட்டத்தட்ட 12 மீட்டர், 53 டிகிரி, அதாவது இரண்டரைச் சாணுக்கு மேல். பதினைந்தாவது வரிசைக்குப் போனால் 35 டிகிரிதான். நம்மில் பலர் பழக்கத்தால் கடைசி வரிசையைத்தான் முதலில் பிடிக்கிறோம். மைய வரிசையிலிருந்து திரைக்குப் பக்கமாக இரண்டு மூன்று வரிசை முன்னே வாருங்கள். ஒரு சென்கூடச் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய திரை அது.

அப்படியானால் ஐமேக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள். சாதாரண ஹாலில் முன் வரிசைகளின் தரை கிட்டத்தட்டச் சமதளம், திரை தலைக்கு மேலே ஏறி நிற்கும். கண்ணிலிருந்து திரையின் மேல் விளிம்பு 35 டிகிரிக்கு மேல் போனால் முக்கால் மணி நேரத்தில் கழுத்து வலி பிடித்துக்கொள்ளும். ஐமேக்ஸில் படிகள் செங்குத்தாக ஏறுவதால் கழுத்தை நிமிர்த்தாமலே மூன்று சாண் கிடைக்கிறது. அடுத்து, ரவாங்கில் அந்த நல்ல கோணம் இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும்தான். ஐமேக்ஸில் ஹாலின் பாதிக்கு மேல் உண்டு. கடைசியாக உயரம், மேலே சொன்னதுதான். அகலத்தை வரிசை மாற்றி ஈடு செய்யலாம், படத்தில் இல்லாத உயரத்தை எந்த வரிசையிலிருந்தும் கொண்டுவர முடியாது.

லேசரா, செனானா

ஐமேக்ஸ் என்ற பெயரில் இரண்டு தலைமுறை புரொஜெக்டர்கள் ஓடுகின்றன. 2008-இல் வந்த முதல் டிஜிட்டல் ஐமேக்ஸ், செனான் விளக்கு வைத்த இரண்டு 2கே புரொஜெக்டர்கள். அடுத்து வந்தது 4கே லேசர். 2கே என்றால் அகலவாக்கில் 2048 புள்ளி. அதை 20 மீட்டருக்குப் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர். 16 மீட்டர் தூரத்திலிருந்து நல்ல கண்ணுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வரை பிரித்தறிய முடியும். அதனால்தான் பழைய செனான் ஐமேக்ஸில் முன்பாதியில் உட்கார்ந்தால் முகங்கள் சற்று மழுங்கியும், எழுத்தின் சாய்ந்த கோடுகள் படிக்கட்டு மாதிரியும் தெரிகின்றன. 4கே லேசரில் அதே புள்ளி 5 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது.

செனான் விளக்குக்கு இன்னொரு குறை, மணிக்கணக்கு ஏற ஏற மங்கும். 2டி படத்துக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 48 நிட் (நிட் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்கு கிழடு தட்டியதும் அது இறங்கிக்கொண்டே போகும், மாற்றும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். லேசர் வெளிச்சம் நீண்ட காலம் ஒரே அளவில் நிற்கும், கறுப்பும் கறுப்பாக இருக்கும். செம்பனைக் காட்டில் இரவில் நடக்கும் காட்சி சாம்பல் பூசியது போல் தெரிந்தால் குறை படத்தில் இல்லை, விளக்கில்.

டிக்கெட் பக்கத்தில் ‘லேசர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களே பெரிதாகப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் செனான் என்றே வைத்துக்கொண்டு, கூடுதல் காசை யோசித்துக் கொடுங்கள். படமே 2கே-யில் முடிக்கப்பட்டது என்றால் லேசராலும் இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவர முடியாது. வெளிச்சமும் கறுப்பும் மட்டும் மேம்படும்.

3டி பற்றி ஒரு வரி: கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வருவது 2டி வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஆகவே 3டி-க்கென்றே எடுத்த படம் தவிர மற்றதற்கு 2டி காட்சியையே தேடுங்கள்.

ஒலி

தமிழ்ப் படத்துக்குப் பெரிய திரையைவிட நல்ல ஒலிதான் முக்கியம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். பாட்டும் பின்னணி இசையும் படத்தைத் தூக்கி நிறுத்தும் மரபு நம்முடையது. 2012 இறுதியிலிருந்தே இந்தியப் படங்கள் டோல்பி அட்மோஸில் வருகின்றன. இன்று பெரிய தமிழ்ப் படம் பெரும்பாலும் அட்மோஸில்தான் கலக்கப்படுகிறது. அட்மோஸில் 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியாக ஒலி போகலாம், கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும். ஐமேக்ஸ் அட்மோஸைப் பயன்படுத்துவதில்லை. பழைய ஐமேக்ஸ் ஹாலில் அடியொலி (பாஸ்) தவிர 5 தனித்தனி ஒலித்தடம் (சேனல்), புதிய லேசர் ஹாலில் 12 சேனல், அதற்கென்று ஒலியைத் தனியாகக் கலந்து தருகிறார்கள். சென்னையில் ஒலிக்கலவைக்காரர் கேட்டு முடித்தது அட்மோஸ் என்றால், அதற்கு நெருக்கமாகக் கேட்பது நல்ல அட்மோஸ் ஹாலில்தான்.

ஆகவே மூன்றாவது வழியொன்று உண்டு: மால்களில் உள்ள அட்மோஸ் பெரிய ஹால். டிக்கெட் சாதாரணத்துக்கும் ஐமேக்ஸுக்கும் இடையில் இருக்கும், திரை பெரும்பாலும் 2.39 வடிவில் நிரம்பி நிற்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் தமிழ்ப் படத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஹாலில் அட்மோஸ் இருந்தாலும் அந்தக் காட்சி அட்மோஸில் ஓடுகிறதா என்பது டிக்கெட்டில் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

சின்ன ஹாலில் வசனம் புரியவில்லை என்ற குறைக்கு என்ன காரணம்? ஒலியளவுதான். தியேட்டரின் ஒலிப் பெட்டியில் அளவு 7 என்பதுதான் படம் கலக்கப்பட்ட அளவு. இரைச்சல் அதிகம் என்று யாராவது சொன்னதும் 5-க்கு இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3.3 டெசிபல், இரண்டு எண் இறங்கினால் 6.7 டெசிபல் போய்விடும். வெடிச் சத்தம் அப்போதும் கேட்கும், கிசுகிசுப்பாகப் பேசும் வசனம் குளிர்சாதனத்தின் இரைச்சலில் மூழ்கிவிடும். ஐமேக்ஸில் ஒலியளவை நிறுவனமே தொலைவிலிருந்து கண்காணிப்பதால் இந்தக் குறை குறைவு. அது உண்மையான நன்மை, காசுக்குத் தகும் நன்மை.

காசும் சாலையும்

டிக்கெட் விலை இடம், நாள், காட்சி நேரம் பார்த்து மாறும். கணக்குக்காக ஆளுக்கு 15 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஐமேக்ஸ் உள்ள இடங்களில் நமக்கு எளிதானவை பெட்டாலிங் ஜெயாவின் ஒன் உத்தாமாவும் கோலாலம்பூரின் சன்வே வெலோசிட்டியும். இரண்டிலும் டிஜிவி நிறுவனத்தின் அரங்கு. கலும்பாங்கிலிருந்து ஒன் உத்தாமா சுமார் 70 கிலோமீட்டர், போக வர 140. மைவி போன்ற கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடித்தால் 9 லிட்டருக்கு மேல், லிட்டர் ஏறத்தாழ 2 வெள்ளி, ஆக 18 வெள்ளி. லெம்பா பெரிங்கினில் ஏறி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 11 சென் டோல்; போக வர 12 வெள்ளியை ஒட்டி வரும். கார் நிறுத்த 5 வெள்ளி. மொத்தம் 35.

ரவாங்குக்குப் பழைய சாலையிலேயே போனால் டோல் இல்லை, பெட்ரோல் 10 வெள்ளி. ஆகப் பயணத்தில் கூடுதல் 25. இதோடு டிக்கெட்டைச் சேருங்கள். தனியாகப் போனால் கூடுதல் 40 வெள்ளி. இரண்டு பேர் என்றால் 55, ஆளுக்கு 27.50. நான்கு பேர் 85, ஆளுக்குச் சுமார் 21. காரில் ஐந்து பேர் நிரம்பினால் 100, ஆளுக்கு 20. டோலும் பெட்ரோலும் பங்கு பிரிவதால் தனியாகப் போவதுதான் அதிகச் செலவு. ஆனால் குடும்பத்தோடு போகும்போது உணவு வந்து சேர்ந்துகொள்ளும். மாலில் ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதையும் அது விழுங்கிவிடும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு மதியக் காட்சிக்குக் கிளம்புங்கள்.

மோட்டாருக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, பெட்ரோலும் கையளவு. இளைஞர்கள் அப்படிப் போகிறார்கள். பகல் காட்சிக்குச் சரி. இரவுக் காட்சி முடிந்து நள்ளிரவில் 70 கிலோமீட்டர், மழை, லாரி, தூக்கம், எந்தப் படத்துக்காகவும் இதைச் செய்ய வேண்டாம்.

ரயில் நல்ல வழி, பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தஞ்சோங் மாலிம் கொமுட்டர் ரயில் கோல குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் வழியாகவே போகிறது; கலும்பாங்கில் நிற்காது, தஞ்சோங் மாலிமிலோ கோல குபு பாருவிலோ ஏற வேண்டும். ஒன் உத்தாமாவுக்குக் கேஎல் சென்ட்ரல் வரை போக வேண்டாம். சுங்கை பூலோவில் இறங்கி, எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் குவாசா டாமன்சாரா, அங்கே காஜாங் தடத்துக்கு மாறி பண்டார் உத்தாமா. நிலையத்திலிருந்து மாலுக்கு நடந்தே போகலாம். சன்வே வெலோசிட்டி என்றால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நடைபாதை வழியாக மூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையம் போய், காஜாங் தடத்தில் கொக்ரேன். ஒருவர் என்றால் ரயில் மலிவு, மூன்று நான்கு பேர் என்றால் கார். ரவாங்குக்கு வடக்கே கொமுட்டர் அடிக்கடி வராது. ஒன்றை விட்டால் நிலையத்தில் நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும். மூன்று மணி நேரப் படம் இரவு 7 மணிக்குத் தொடங்கினால் விளம்பரத்தோடு 10:15 ஆகிவிடும், அதன் பிறகு இரண்டு ரயில் மாறி வடக்கே திரும்புவது சூதாட்டம். நண்பகலுக்கு முந்தைய காட்சியே ரயிலுக்கு ஏற்றது.

நேரத்தையும் எண்ண வேண்டும். படம் 3 மணி, பயணம் போக வர குறைந்தது இரண்டரை மணி, நிறுத்துமிடம், வரிசை, கழிப்பறை. ஏழு மணி நேரம் போய்விடும். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு உள்ளவருக்கு அது முழு ஞாயிறு. பெருநாள் நீண்ட விடுமுறையின் கடைசி நாளில் ரவாங்குக்கும் சுங்கை பூலோவுக்கும் இடையே நெடுஞ்சாலை நின்றுவிடும். அன்றைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

எந்த நாளில் எடுப்பது

ஐமேக்ஸ் ஹால் ஒரு மாலுக்கு ஒன்றுதான். அதனால் ஒரு படம் அதில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் ஓடும், அடுத்த பெரிய படம் வந்ததும் இது சாதாரண ஹாலுக்கு இறங்கிவிடும். சம்பளம் மாதம் 7-ஆம் தேதியை ஒட்டி வரும் வீட்டில், 20-ஆம் தேதி வெளியாகும் படத்தைச் சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஐமேக்ஸ் கைநழுவிவிடும். வெளியீட்டு நாள் தெரிந்ததுமே காசை எடுத்து வையுங்கள். புதன்கிழமைச் சலுகை போன்றவை ஐமேக்ஸுக்குப் பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள், பெரும்பாலும் சாதாரண ஹாலுக்குத்தான்.

இருக்கை வரைபடத்தில் முதலில் திரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உள்ள ஆறு எட்டு இருக்கைகள்தான் நோக்கம். அவை போய்விட்டால் ஒரு வரிசை பின்னே போகலாம், பக்கவாட்டில் ஓரத்துக்குப் போக வேண்டாம். ஓரத்தில் வளைந்த திரையின் ஒரு பக்கம் கோணலாகத் தெரியும், ஒலியும் ஒரு காதில்தான் விழும். முன் மூன்று வரிசை மட்டுமே மிச்சம் என்றால் அன்றைய காட்சியை விட்டுவிடுங்கள். ரவாங்கின் எட்டாவது வரிசை அதைவிட நூறு மடங்கு மேல்.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் படிகளை நினைவில் வையுங்கள். ஐமேக்ஸ் படிகள் செங்குத்து, இருட்டில் முழங்கால் வலி உள்ளவருக்குச் சிரமம். நடைபாதையோர இருக்கை எடுத்து, விளக்கு அணையுமுன் உட்கார வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒலி அதிகம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் காதுக் கவசம் வேண்டும், அல்லது ரவாங் போதும். தணிக்கை வகையையும் பாருங்கள்: யு, பி12, 13, 16, 18. 16 என்று போட்ட படத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு 70 கிலோமீட்டர் போய் வாசலில் திரும்பி வந்தால் அன்றைய நாளே கெட்டுவிடும். மலாய் சப்டைட்டில் படித்துப் பார்ப்பவர் யாராவது உடன் வந்தால் பின் வரிசையே நல்லது. முன்னே இருந்தால் முகத்துக்கும் எழுத்துக்கும் இடையே கண் ஏறி இறங்கியே களைத்துப்போகும்.

அசையும் நாற்காலி, தண்ணீர் தெளிக்கும் ஹால் எல்லாம் வேறு கதை, அவற்றால் படம் பெரிதாகாது.

வீட்டிலேயே காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பல தமிழ்ப் படங்கள் ஒரு மாதத்துக்குள் இணையத்தில் வந்துவிடுகின்றன. 55 அங்குலத் தொலைக்காட்சி 122 சென்டிமீட்டர் அகலம். 3 மீட்டர் தள்ளிப் போட்ட சோபாவிலிருந்து பார்த்தால் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். நாற்காலியை 1.8 மீட்டருக்கு இழுத்தால் 37 டிகிரி, ஹாலின் பின்வரிசைக்குச் சமம். பேச்சும் குடும்பமுமாக நகரும் படத்துக்கு இது போதும், தியேட்டரே தேவையில்லை.

ஹாலில் குறை கண்டால்

குறை எங்கும் வரும், ஐமேக்ஸிலும் வரும். விளம்பரம் ஓடும் நேரத்திலேயே நான்கைப் பாருங்கள். வெள்ளை எழுத்து வரும்போது திரையின் நான்கு மூலையும் ஒரே அளவு வெளிச்சமா? ஒரு பக்கம் மங்கல் என்றால் விளக்கோ, ஒளி வரும் கண்ணாடியோ சரியில்லை. எழுத்தின் விளிம்பு கூர்மையா? படத்தின் ஓரம் திரைக்கு வெளியே வழிகிறதா, அல்லது தலை வெட்டுப்படுகிறதா? வசனம் நடுவிலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்து மட்டும் வருகிறதா? 2டி படம் வழக்கத்துக்கு மாறாக இருட்டாக இருந்தால் முந்தைய 3டி காட்சியின் வடிகட்டியை எடுக்காமல் விட்டிருக்கலாம்.

குறை தெரிந்ததும் படம் தொடங்கி பத்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லுங்கள். வாசலில் டிக்கெட் பார்ப்பவரிடம் ‘படம் சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. மேலாளரைக் கேட்டு, ‘ஹால் 5, நடு ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, பின்வரிசைக்கு வசனம் கேட்கவில்லை’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஒலியளவை ஏற்றுவதும், நடு ஸ்பீக்கரை மறுபடி இயக்குவதும், வடிகட்டியை எடுப்பதும் சில நிமிட வேலை. விளக்கு மங்கல் அன்றைக்குச் சரியாகாது. அதற்கு வேறு காட்சிக்கு மாற்றுச் சீட்டு கேளுங்கள், டிக்கெட்டின் கிழிசலைக் கையில் வைத்திருங்கள். முழுப் படமும் பார்த்து முடித்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.